வெட்டாமல் விட்ட வரிசைகள்

ஐயர் வேண்டுமென்று சொல்லவில்லை. மனுசன்மேல் பிழை சொல்ல ஏலாது. டொரொண்டோ மில்லிக்கனில் மகள் வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்ற சந்திரவதனாதான் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அம்மா, செவ்வாய்க்கிழமை காலமை எட்டு மணிக்கு வாறன். தர்ப்பையில உருவம் செய்து அந்தியேட்டிக் கிரியையையும் திவசத்தையும் ஒண்டாச் செய்து முடிப்பம். திதி தெரியாத ஆக்களுக்கு அமாவாசையிலதான் செய்யிறது. உங்கட வீட்டு ஐயா ஐப்பசி வளர்பிறைத் துவாதசி எண்டு தெளிவாச் சொன்னபடியால் எனக்கு வேலை லேசாப் போச்சு."

அவள் ஓம் ஐயா, ஓம் ஐயா என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. காணாமல் போன பிள்ளைக்கு என்னென்று திதி வரும்?

மகன் பிரியந்தன் போனது ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு வருஷத்துக்கு முந்தி, தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில், ஆமிக்குப் பயந்து ஒரே இராத்திரியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் எழும்பி மழைக்குள் நடந்தபோது, கோண்டாவிலில் இருந்து இவர்களும் நடந்தார்கள். கைதடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறைக்குள் ஆறு குடும்பம். நாலாம் நாள் காலையில் அவள் தண்ணீருக்கு வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது மகனைக் காணவில்லை. "ஊருக்குத் தண்ணி இறைக்கிற மிஷினை எடுக்கப் போனவன், நாளைக்கு வந்திடுவான்" என்றார் கணவர் சிவபாதம். அன்றைக்கு ஏகாதசி. அவளுக்கு நல்ல ஞாபகம். பக்கத்துப் பாயில் இருந்த மனுசி, இனி எங்களுக்கு எல்லா நாளும் ஏகாதசிதான் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தாள். அடுத்த நாள் துவாதசி. அந்தத் துவாதசியில்தான் சிவபாதம் மகனைத் தேடிப் போனார். ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வந்தார். ஊருக்குப் போகிற வழியில் பாலத்துக்கு அங்கால போகவிடவில்லை என்றார்.

அப்படியென்றால் துவாதசி என்று அவருக்கு யார் சொன்னது?

சந்திரவதனா நேரே நிலக்கீழ் அறைக்குப் போய்க் கேட்டாள். கனடாவுக்கு வந்த ஆறு மாதமாக அவர் அந்த அறையில்தான் இருந்தார். பெட்டியில் இருந்து இறக்கி வைத்த சாமான் மாதிரி, வைத்த இடத்தில் இருந்தார். "ஒரு கணக்குக்குச் சொன்னனான்" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். முப்பத்தொரு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அது போதாதா?

"உங்கட கணக்கை நீங்கள் வைச்சிருங்கோ. என்ர பிள்ளை எங்கயோ இருக்கிறான். புல்லில பொம்மை செய்து அவனுக்குக் கொள்ளி வைக்க நான் சம்மதிக்கமாட்டன். அந்த இடத்துக்கு வரவும் மாட்டன்."

அன்று மாலை சிவபாதம் மகள் நிலாணியிடம் மட்டும், அம்மா ஓம் என்று சொல்லாமல் தான் செய்யமாட்டேன் என்று சொன்னார். செய்யாமலும் இருக்க ஏலாது, பிள்ளை அந்தரத்தில் நிற்கிறான் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற மனுசனை வைத்துக்கொண்டு மகள் என்ன செய்வாள்?

வழி கண்டுபிடித்தவன் மருமகன் பேனாட். நகரத்தின் நடுவில் ஒரு பெரிய உணவகத்தில் சமையல் வேலை. பாத்திரம் கழுவத் தொடங்கி ஆறு வருஷத்தில் அடுப்படிக்கு வந்தவன். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற பிள்ளை. அந்த உணவகத்துக்கு வைன் அனுப்புகிற நயாகராப் பக்கத்துத் தோட்டங்கள் சில, சீசன் முடிந்தால் சமையல் ஆட்களைக் கூப்பிட்டு ஒரு இரவு பண்ணைவீட்டில் தங்கவைத்து, நாலைந்து தோட்டம் காட்டி, சாப்பாடு போட்டு அனுப்பும். இந்த முறை அது பேனாட்டுக்கு வந்தது. "மாமாவையும் மாமியையும் கூட்டிக்கொண்டு போவம். முந்திரிகைத் தோட்டத்தைக் கண்டால் மாமா வாய் திறப்பார்" என்றான். கோண்டாவில்காரருக்குத் திராட்சை என்றால் முந்திரிகைதான். சிவபாதத்தின் நாலு பரப்புப் பந்தல் அந்த ஊரில் பெயர் பெற்றது.

சனிக்கிழமை காலையில் புறப்பட்டார்கள். சந்திரவதனா முன்சீற்றில் மருமகனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பின்னுக்குப் போனால் அவருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டி வரும். அவள் மடியில் இடியப்பமும் சம்பலும் பருப்பும் ஒரு பைக்குள் சூடாக இருந்தன. வெள்ளைக்காரன் வீட்டில் என்ன தருவானோ, எதற்குள் எதைக் கலப்பானோ.

வாவிக் கரையோடு போன பெருந்தெரு ஒன்றரை மணித்தியாலத்தில் அவர்களைத் தோட்டங்களுக்குள் கொண்டுபோய் விட்டது. இலை எல்லாம் கொட்டி முடிந்திருந்தது. வரிசை வரிசையாகக் கட்டைகள், கட்டைகளுக்கிடையில் கம்பி, கம்பியில் கறுத்த கொடி. தெரு ஓரத்தில் பூசணிக்காய் விற்கிற ஒரு கடையில் நிறுத்தி பேனாட் அப்பிள் பணியாரம் வாங்கித் தந்தான். பட்டர் வாசனை வந்தது. சந்திரவதனா பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கடதாசியில் சுற்றிப் பின்னால் நீட்டினாள். யாருக்கு என்று சொல்லவில்லை. நிலாணி வாங்கித் தகப்பனிடம் கொடுத்தாள்.

முதல் தோட்டத்தில் பெரிய மரக் கொட்டில். உள்ளே நீளமான மேசையில் கண்ணாடிக் கிளாசுகள். ஒரு பொடியன் ஒவ்வொரு போத்தலாகத் திறந்து இரண்டு மிடறு ஊற்றித் தந்தான். வந்தவர்கள் அதை முகர்ந்து, வாய்க்குள் கொப்பளித்து, ஒரு வாளிக்குள் துப்பினார்கள். எல்லாரும் ஒரே வாளிக்குள். சந்திரவதனா தன் கிளாசைத் தள்ளி வைத்தாள். "குடிக்கிறதெண்டால் குடிக்கவேணும். இது என்ன, பல் விளக்கினமோ?" என்று மகளிடம் கேட்டாள். நிலாணி சிரித்தாள். கனநாளைக்குப் பிறகு மகள் சிரித்ததைக் கண்டதில் அவளுக்கும் கொஞ்சம் நெஞ்சு இளகியது.

சிவபாதம் உள்ளே நிற்கவில்லை. அந்தப் பொடியன் விளக்கம் சொல்லத் தொடங்கியதுமே வெளியே போய்விட்டார். அவள் யன்னல் கண்ணாடியால் பார்த்தாள். அவர் குந்தியிருந்து மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தார். பிறகு ஒரு கொடியின் அடியைப் பிடித்துப் பார்த்தார், வைத்தியர் கைநாடி பிடிக்கிற மாதிரி. இரண்டாம் தோட்டத்திலும் அப்படித்தான். பேனாட் உள்ளே நின்று தேன்போலத் தடித்த ஏதோ ஒன்றைச் சின்னக் கிளாசில் ருசி பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்க, இவர் வெளியே குளிருக்குள் வரிசைகளை எண்ணிக்கொண்டு நின்றார்.

அவள் வெளியே போனாள். இதுதான் சமயம் என்று நினைத்தாள்.

"இஞ்சாருங்கோ. ஒரு கேள்விதான். அண்டைக்குப் பாலத்தடியில உங்களை மறிச்சவை எண்டு சொன்னீங்களெல்லே. மறிச்சது உண்மையோ?"

அவர் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "இவங்கள் பந்தல் போடுறேல்லை. கம்பியில படர விடுறாங்கள். எங்கட வெயிலுக்கு உது சரிவராது" என்றார்.

கேட்டதற்கும் சொன்னதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்க்கிறவரின் குரல் அது. அவளுக்குப் பயம் வந்தது. இவ்வளவு நாளும் கேட்டுக் கேட்டுக் களைத்தவளுக்கு, அந்தப் பதில் தனக்கு வேண்டாமோ என்று முதல்முறையாகத் தோன்றியது. அவள் காருக்குத் திரும்பிவிட்டாள்.

பண்ணைவீடு சின்ன மேடு ஒன்றில் இருந்தது. சொந்தக்காரி ஹில்டா, அறுபது வயது கடந்த, ஆம்பிளையள் மாதிரிக் கனத்த சப்பாத்துப் போட்ட மனுசி. அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. மேல்மாடியில் இரண்டு அறை காட்டினாள். கட்டில் இடுப்பளவு உயரம். துண்டு துண்டாகத் தைத்த கனத்த போர்வை, சுவரில் பூப்போட்ட கடதாசி, யன்னலால் பார்த்தால் கொடி வரிசைகள். பின்பக்கத்தில் மட்டும் சில வரிசைகளுக்கு வலை போர்த்தியிருந்தது.

இரவுச் சாப்பாடு குசினி மேசையில். பூசணிக்காய்ச் சூப், வீட்டில் சுட்ட பாண், பாற்கட்டி, அவித்த கிழங்கு, போத்தலில் அடைத்த பீச் பழம். சூப்பில் வைன் விட்டிருக்கிறதா என்று மகளைக் கொண்டு கேட்டறிந்த பிறகே சந்திரவதனா கரண்டியை எடுத்தாள். தன்னுடைய இடியப்பத்தையும் சம்பலையும் மேசையில் வைத்தாள். ஹில்டா சம்பலைப் பாணில் தடவிச் சாப்பிட்டாள். கண்ணால் தண்ணீர் வந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்தாள். சந்திரவதனாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

புருசன் எங்கே என்று சந்திரவதனா கேட்கச் சொன்னாள். ஹில்டா சொல்ல, நிலாணி கிழங்குக் கோப்பையைக் கைமாற்றிக்கொண்டே தமிழில் சொன்னாள். "அவர் நிலவறையில விழுந்து இடுப்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியிலயாம். வேலைக்கு வந்த ஜமேக்கா ஆக்களும் போன கிழமை ஊருக்குப் போயிட்டினமாம். பின்னுக்கு ஒரு துண்டு இன்னும் வெட்டேல்லையாம்." ஹில்டா அதற்குப் பிறகும் ஏதோ சொன்னாள். அந்த நேரம் பார்த்து பேனாட் பீச் போத்தலின் மூடியைத் திறக்க ஏலாமல் மனைவியைக் கூப்பிட்டான். மீதி மொழிபெயர்க்கப்படாமலே போனது.

சிவபாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"வெட்டேல்லையாமோ? பழம் கிடக்கோ?"

"ஓமாம் அப்பா."

அவர் பிறகு சாப்பிடவில்லை.

விடிந்தபோது கட்டிலில் அவர் இல்லை. சந்திரவதனா யன்னல் சீலையை விலக்கினாள். பின்வரிசை ஒன்றில் வலை சுருட்டிக் கம்பியின் மேல் ஏற்றி விடப்பட்டிருந்தது. அதற்குக் கீழே மருமகனின் பழைய கோட்டோடு ஒரு மனுசன் குனிந்தும் நிமிர்ந்தும் வேலை செய்துகொண்டிருந்தார். ஆறு மாதமாகக் கதிரையை விட்டு எழும்பாதவரின் கை அப்படி ஓடுகிறது.

அவள் மகளின் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு இறங்கி நடந்தாள். நிலம் ஈரமாக இருந்தது. கிட்டப் போனால், கொட்டிலுக்குள் இருந்த பெட்டிகளை எடுத்து வந்து ஒன்பது பெட்டி நிரப்பியிருந்தார். மஞ்சளும் மண்ணிறமுமான குலைகள். அடிக்குலையை நசுக்காமல், காம்பை மேலே விட்டு, அவர் பந்தலில் அடுக்குகிற அதே அடுக்கு. வெட்டுகிற கத்திரி அவர் விரலைப் பதம் பார்த்திருந்தது. அதை அவர் கவனிக்கவேயில்லை.

"என்ன வேலை பாக்கிறியள்? கேட்டனீங்களே அந்த மனுசியிட்ட?"

"ஆள் இல்லையாமெல்லே. மனுசனும் ஆஸ்பத்திரியில. ரெண்டு வரிசையாவது வெட்டிக் குடுத்தால் எங்களுக்குச் சாப்பாடு தந்ததுக்கு ஒரு..." அவர் முடிக்கவில்லை. வீட்டுப் பக்கமிருந்து ஹில்டா வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பேனாட், தலைமயிரைச் சீப்பால் இழுக்காத நிலாணி.

ஹில்டா கத்தவில்லை. அதுதான் பொல்லாததாக இருந்தது. ஒன்பது பெட்டியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு குலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள். பேனாட்தான் மெல்லச் சொன்னான்.

"மாமா, இது வேணுமெண்டு விட்டிருக்கிற பழம். நல்ல உறைபனி விழுமட்டும் கொடியிலயே விட்டு, கல்லு மாதிரி உறைஞ்ச பிறகுதான் வெட்டுவினம். அதிலதான் அந்த விலைகூடின வைன் செய்யிறது. இந்தப் பின்துண்டுதான் இவைக்கு வருஷத்துச் சீவியம்."

"நான்தான் முழுக்கச் சொல்லேல்லை. அவ ராத்திரியே சொன்னவ" என்றாள் நிலாணி. அவளுக்கு அழுகை வந்தது.

சிவபாதம் கத்திரியைப் பெட்டியின் மேல் வைத்தார். பள்ளிக்கூடத்தில் பிழை செய்த பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேண்டுமென்று விட்ட பழம் என்பது அவர் மண்டைக்குள் ஏறவேயில்லை. ஐம்பத்தெட்டு வயது மட்டும் முந்திரிகை வளர்த்தவருக்கு, பழுத்த குலை கொடியில் நின்றால் ஒன்றில் வீட்டுக்காரன் செத்திருக்க வேண்டும், அல்லது ஓடியிருக்க வேண்டும்.

ஹில்டா அவரைப் பார்த்தே கேட்டாள். நிலாணி தமிழில் சொன்னாள். "அப்பாவும் தோட்டக்காரன் எண்டு தெரியுதாம். வலை போட்டிருக்கிறதைக் கண்டும், தன்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமல், ஏன் இவ்வளவு அவசரப்பட்டு வெட்டினீங்கள் எண்டு கேக்கிறா."

ஞாயமான கேள்வி. அவர் ஹில்டாவின் முகத்தையே பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்க்கவேயில்லை. தமிழ் தெரியாத ஒரு முகம் கிடைத்ததும் அவருக்கு வாய் திறந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

"சொல்லு பிள்ளை அவவுக்கு. பழுத்த பழத்தை விட்டிட்டு வந்தால், பிறகு அதை எடுக்க ஆரும் ஒருத்தன் திரும்பிப் போகவேண்டி வரும். அதுதான் வெட்டினனான் எண்டு சொல்லு."

நிலாணி மொழிபெயர்க்காமல் தகப்பனையே பார்த்தாள்.

"நான் ஒருத்தனை அனுப்பினனான் எண்டும் சொல்லு. மிஷின் எடுக்க இல்லை. பழம் வெட்ட. இருபது கடகம் பழம் பந்தலில நிண்டது. சாவகச்சேரிச் சந்தையில குடுக்கலாம், பாழாப் போகுதே எண்டு எனக்கு மனம் கேக்கேல்லை. தாய் தண்ணிக்குப் போயிருந்த நேரம் பாத்து அனுப்பினனான். அவ நிண்டிருந்தால் விட்டிருக்கமாட்டா."

சந்திரவதனா அவருக்குக் கிட்ட ஓர் அடி வந்தாள்.

"அடுத்த நாள் மனம் ஒருமாதிரி இருந்துது. நானும் போனன். பாலத்தில ஒருத்தரும் மறிக்கேல்லை. ரெண்டு மணி போலத் தோட்டத்துக்குப் போயிட்டன். பதினொரு கடகம் வெட்டி நிரையா வைச்சிருந்தான். பன்னிரண்டாவது பாதி. ஆமி அடிச்ச செல் விழுந்தது கிணத்தடியில. துண்டு வந்து இவனுக்கு இஞ்சால பட்டது." அவர் தன் கழுத்தைத் தொட்டார். "நான் தூக்கேக்க உடம்பு ஆறேல்லை. ஒரு அரை மணித்தியாலம் முந்திப் போயிருந்தால்... கொள்ளி வைக்க ஏலாது, புகை கண்டால் திரும்ப அடிப்பாங்கள். பந்தலுக்குக் கீழ கிண்டித் தாட்டுப்போட்டு வந்தனான். துவாதசி. அது கணக்கில்லை. எனக்குத் தெரியும்."

வலையின் ஒரு முனை காற்றில் கம்பியில் அடித்துக்கொண்டிருந்தது. ஹில்டா நிலாணியைப் பார்த்தாள். நிலாணி நாலே நாலு சொல்லில் சொன்னாள், அண்ணன் செத்துப்போனான் என்று. ஹில்டா எத்தனை வயது என்று கேட்டாள். இருபத்திரண்டு. அவள் தலையை ஆட்டினாள். பிறகு பேனாட்டைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு நடந்தாள். இதை இன்றைக்கே பிழிந்து வேறொன்றுக்குப் பாவிக்கலாம், குப்பைக்குப் போகாது என்று அவரிடம் சொல்லச் சொன்னாள். அந்த வார்த்தையைச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே, நல்ல மனுசி.

சந்திரவதனா கணவருக்கு முன்னால் போய் நின்றாள். சத்தம் போடுவாள் என்று நிலாணி பயந்தாள். அவள் மிகவும் மெல்லிய குரலில் கேட்டாள்.

"கொழும்பில பத்து மாசம், புதன்கிழமை புதன்கிழமை, காணாமல் போன ஆக்களைத் தேடுற கந்தோர் வாசலில பிள்ளையின்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். நீங்களும் வந்தனீங்கள்."

"ஓம்."

"வெயிலுக்கை எனக்குக் குடை பிடிச்சனீங்கள்."

"ஓம்."

"ஒரு புதன்கிழமையாவது சொல்ல வாய் வரேல்லையோ?"

"பழத்துக்குப் பிள்ளையை அனுப்பினவன் எண்டு உம்மட்டை என்னெண்டு சொல்லுறது?"

அவள் கையை ஓங்கினாள். முப்பத்தொரு வருஷத்தில் கணவரை அடிக்க அவள் கை ஓங்கியதில்லை. அடிக்கவும் இல்லை. ஓங்கிய கை அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டது. விழாமல் இருக்கப் பிடிக்கிற பிடி.

"எந்தப் பக்கம் தலை வைச்சனீங்கள்?"

"தெற்க."

"அவன் சாப்பிட்டிருந்தவனே?"

பொய் சொல்லிப் பழகிய வாய், இதற்கொரு நல்ல பொய் சொல்லியிருக்கலாம். "கடகத்தடியில பாண் சுத்தின பேப்பர் கிடந்தது. சாப்பிட்டிருப்பான் எண்டு நினைக்கிறன். எனக்குத் தெரியாது."

அப்பொழுதுதான் அவள் அழுதாள். இரண்டு வருஷமாக அவள் அழுததில்லை. அழுதால் பிள்ளை செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று, கண்ணில் தண்ணீர் வரும்போதெல்லாம் எழும்பிப் போய் ஏதாவது ஒரு வேலை செய்தாள். இப்போது அந்த ஈர நிலத்தில் குந்தியிருந்து, மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி, வாய்விட்டு அழுதாள். சிவபாதம் பக்கத்தில் இருக்கவும் துணியாமல், எட்டப் போகவும் மனமில்லாமல் நின்றார். கொட்டில் வாசலில் ஹில்டா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றாள், அவர்கள் எழும்பும் மட்டும் வெளியே வரவில்லை.

மத்தியானத்துக்கு முன்னம் புறப்பட்டார்கள். மீதித் தோட்டங்களுக்கு ஒருவரும் போகவேண்டும் என்று சொல்லவில்லை. சந்திரவதனா தானாகப் பின்கதவைத் திறந்து கணவருக்குப் பக்கத்தில் ஏறினாள். பேனாட் முன்னால் நிமிர்ந்து தெருவைப் பார்த்தபடி ஓட்டினான். அவன் வேதக்காரப் பிள்ளை, தன் பாட்டில் ஏதோ செபம் சொல்வது உதடு அசைவதில் தெரிந்தது.

பெரிய பாலத்தில் ஏறும்போது அவள் பேசினாள்.

"நிலாணி, ஐயருக்குப் போன் எடுத்து, நானும் நிப்பன் எண்டு சொல்லு. அண்ணன் பிறந்த நட்சத்திரம் பூராடம். அப்பாவுக்கு ஞாபகம் இராது."

"சரி அம்மா."

சிவபாதம் தலையைக் குனிந்தார். தோள் குலுங்கியது. அவள் அவர் பக்கம் திரும்பவில்லை, வாவியைப் பார்த்தபடி இருந்தாள். கனதூரம் போன பிறகு, டொரொண்டோவின் கட்டடங்கள் தெரியத் தொடங்கிய இடத்தில், மறுபடியும் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் கிண்டினீங்கள்?"

"பொழுதுபடுமட்டும். மண் ஈரம்தான், ஆனால் பந்தலடியில எல்லாம் வேர்."

"தனியவோ?"

"வேற ஆர் இருந்தது? ஊரில ஒரு சனமும் இல்லை. ஒரு கை பிடிக்க ஆளில்லை."

"கைதடியில நான் இருந்தனே" என்றாள் சந்திரவதனா.

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.